தொடர்கதைக் காதலும் மனச்சாட்சியும்



ஞானோபதேச வகுப்பு முடிந்த பிற்பாடு ஒரு பெண்பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டாள். கல்லூரியில் படிக்கிறவள்; நல்ல புத்திசாலி. "கதையில வர்றவன் செய்யுறது தப்புன்னு தெரியுது. வாசிக்கும்போதே கோபம் வருது. ஆனாலும் அடுத்த பகுதி எப்ப வரும்னு மனசு காத்துக்கிட்டே கிடக்கு. இது பாவமா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. "பாவந்தான், அந்தக் கருமத்தைத் தூர எறி" என்பது ஒன்று. "வெறும் கதைதானே, இதிலென்ன இருக்கிறது" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்லுகிறவர்கள் அந்தப் பிள்ளையைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட விரும்புகிறவர்களேயன்றி, அவள் கேட்டதைக் காதில் வாங்கினவர்கள் அல்லர். அவள் கதையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. ஒரே நெஞ்சில் வெறுப்பும் விருப்பமும் சேர்ந்து குடியிருக்கின்றனவே, இது என்ன என்று கேட்கிறாள். இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாய் ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில், இந்தக் கதைகள் எப்படிப்பட்டவை என்று அறியாத பெரியோர்களுக்காகச் சில வார்த்தைகள். தமிழ்நாட்டில் சென்ற 50 ஆண்டுகளாய்ப் பெண்கள் மிகுதியாக வாசித்த நாவல்களில் ரமணிசந்திரன் அம்மையாரின் நாவல்கள் முன்னணியில் நிற்பவை. நூற்றைம்பதுக்கு மேல் எழுதியிருக்கிறார். மாத நாவலாகவும் வாடகை நூல்நிலையப் புத்தகமாகவும் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, அவை எத்தனையோ அடுப்பங்கரைகளுக்குள் போயிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் ஒரு வார்ப்பு உண்டு. கதாநாயகன் செல்வந்தன், கம்பீரமானவன், முன்கோபி. ஏதோ ஒரு தப்பெண்ணத்தால் கதாநாயகியைச் சந்தேகிப்பான், சொல்லால் சுடுவான். அவளோ மானத்தோடு பொறுத்திருப்பாள். கடைசியில் உண்மை வெளிப்படும், அவன் மனம் உருகும், மங்களமாய் முடியும். ஆசாரக் குறைவான வருணனை எதுவும் அவற்றில் இராது என்பதால் தாய்மாரும் தடுத்ததில்லை. தாய்மாரே முதலில் வாசித்து முடித்துவிட்டு மகளிடம் கொடுத்த வீடுகளும் உண்டு.

இப்போது புத்தகம் போய்க் கைப்பேசி வந்துவிட்டது. 2014இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதிலிபி போன்ற செயலிகளில் தமிழிலும் தொடர்கதைகள் குவிந்து கிடக்கின்றன. எழுதுகிறவர்களும் பெரும்பாலும் பெண்களே, வாசிக்கிறவர்களும் பெண்களே. அங்கே "ஆன்ட்டி ஹீரோ" என்று ஒரு தனி வகையே ஏற்பட்டிருக்கிறது. அதாவது, கதாநாயகனே வில்லன். பழிவாங்குவதற்காகத் தாலி கட்டுகிறவன், அறைக்குள் பூட்டி வைக்கிறவன், வேறொருவனோடு அவள் பேசினால் கண் சிவக்கிறவன். பழைய மாத நாவலின் முன்கோபி இங்கே கொடுங்கோலனாய் வளர்ந்திருக்கிறான். ஆனாலும் முடிவு மட்டும் அதே மங்களம்.

இது நம் நாட்டுப் பெண்களுக்கு மட்டும் பிடித்த வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டெபனி மேயர் என்ற அம்மையார் 2005 முதல் 2008 வரை நான்கு பாகமாய் வெளியிட்ட "ட்வைலைட்" என்ற தொடர், உலகமெங்கும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதிலே காதலன் இரத்தம் குடிக்கும் இனத்தைச் சேர்ந்தவன். அவளறியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றாம் பாகத்தில், அவள் தன் சிநேகிதனைப் பார்க்கப் போகாதபடி அவளுடைய வண்டியின் எஞ்சினில் ஒரு பாகத்தைக் கழற்றி விடுகிறான். இரண்டாம் பாகத்தில் அவன் பிரிந்துபோனபோது அவள் பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். இதை வாசித்த கோடிக்கணக்கான இளம் பெண்களில் அநேகர், "இது சரியில்லை" என்றும் சொன்னார்கள், அடுத்த பாகத்துக்காகக் கடை வாசலில் இரவெல்லாம் வரிசையிலும் நின்றார்கள்.

நிற்க. கதைமாந்தருக்காக உருகுவது இழிவான காரியம் அன்று. 1960ஆம் ஆண்டையொட்டிக் கல்கி வாரப் பத்திரிகையில் நா. பார்த்தசாரதி, மணிவண்ணன் என்ற புனைபெயரில், "குறிஞ்சி மலர்" தொடரை எழுதினார். நமக்குப் பக்கத்திலுள்ள மதுரையில் நடக்கும் கதை. அதை வாசித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயரிட்டார்கள். கதையில் ஒருவன் மரித்ததற்காகத் தமிழ்நாட்டில் வீடு வீடாகத் துக்கம் கொண்டாடினார்கள் என்றால், அந்த வாசகர்களெல்லாம் மூடர்களா? மனிதன் தானல்லாத ஒருவனுக்காக அழக்கூடியவன் என்பதற்கு அது சாட்சி. சர்வேசுரன் நமக்குக் கொடுத்த நல்ல சக்திகளில் அதுவும் ஒன்று.

அர்ச்சியசிஷ்டவர்களும் இந்த வலையில் அகப்பட்டவர்களே. அவிலா நகரத்து அர்ச். தெரேசம்மாள் தன் சுயசரிதையில் சொல்வதைப் பாருங்கள். அவருடைய தாயாருக்கு வீரர்களும் சீமாட்டிகளும் காதலும் நிறைந்த கதைப் புத்தகங்கள் என்றால் உயிர். தகப்பனாருக்கு அவை பிடிக்காது. ஆகையால் அவர் கண்ணில் படாமல் வாசிக்க வேண்டியிருந்தது. சிறுமி தெரேசம்மாளும் தாயோடு சேர்ந்துகொண்டார். கையில் புதிய புத்தகம் ஒன்று இல்லாவிட்டால் மனம் நிலைகொள்ளாமல் போயிற்று என்று அவரே ஒப்புக்கொள்ளுகிறார். கைப்பேசியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிற நம் பெண்பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்தத் தெரேசம்மாளுக்குத்தான் 1970இல் திருச்சபை வேதபாரகர் பட்டம் கொடுத்தது.

ஆயினும் அந்தப் புத்தகங்கள் தமக்குத் தீங்கு செய்தன என்றே அவர் எழுதுகிறார். அதையும் மறைக்கலாகாது.

இவ்விஷயத்தில் நமக்கு அதிகம் உதவுகிறவர் அர்ச். இஞ்ஞாசியார். 1521இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டினால் கால் நொறுங்கி, லொயோலாவிலுள்ள தம் வீட்டில் படுத்திருந்தபோது, பொழுதுபோக்க அவரும் வீரக் காதல் கதைகளைத்தான் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறீஸ்துநாதர் சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரமுமே கிடைத்தன. அவற்றை வாசிக்கிற நேரம் போக மீதி நேரத்தில், ஒரு சீமாட்டிக்குத் தாம் எப்படியெல்லாம் சேவை செய்யலாம் என்று இரண்டு மணி, மூன்று மணி நேரம் கற்பனையில் மூழ்கியிருப்பார். அதுவும் இன்பமாகவே இருந்தது. அர்ச்சியசிஷ்டவர்களைப்போல் நடக்க வேண்டும் என்று எண்ணுவதும் இன்பமாகவே இருந்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஒருநாள் அவர் கண்டுகொண்டார்: முந்தின கற்பனை முடிந்தபின் மனம் வறண்டு, சலித்துப் போயிருந்தது, பிந்தினது முடிந்தபின்னும் மனம் மகிழ்ச்சியாய் இருந்தது. சேசு சபையார் உலகத்துக்கெல்லாம் கற்பிக்கிற ஆவிகளைப் பகுத்தறியும் முறை இந்தச் சின்னக் கண்டுபிடிப்பிலிருந்து முளைத்ததுதான்.

ஆகையால், மகளே, வாசிக்கும்போது இன்பமாயிருந்ததா என்று பார்த்துப் பயனில்லை. இன்பமாய்த்தான் இருக்கும். கைப்பேசியை அணைத்து வைத்தபின் அரைமணி நேரம் கழித்து உன் மனம் எப்படி இருக்கிறது? தாயார் கூப்பிட்டால் எரிச்சல் வருகிறதா? மறுநாள் பாடம் கசக்கிறதா? கண்ணாடியில் பார்க்கும்போது உன்னை உனக்கே அற்பமாய்த் தோன்றுகிறதா? அல்லது, எங்கேயோ ஒரு துன்பப்பட்ட பெண்ணின் மனதை அறிந்துகொண்டோம் என்று நெஞ்சு கொஞ்சம் விரிந்திருக்கிறதா? ஒரே கதை ஒருத்திக்கு ஒருவிதமாகவும் இன்னொருத்திக்கு வேறுவிதமாகவும் செய்யும். இதை உனக்காக நானும் சொல்ல முடியாது, சுவாமியாரும் சொல்ல முடியாது.

இனி, அந்தக் கதைகளில் அவளுக்குப் பிடித்திருப்பது என்ன? கொடுமை பிடித்திருக்கிறது என்று சொல்வது அநியாயம். எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன். ஆயிரம் பேர் கூடிய இடத்திலும் அவன் கண் அவளை மட்டும் தேடுகிறது. அவனுக்கு ஊரும் உறவும் சொத்தும் பெரிதல்ல, இவள் ஒருத்தியே பெரிது. அந்த எண்ணத்தில்தான் தேன் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் பெண்பிள்ளைக்கு என்ன நடக்கிறது? தம்பிக்குப் போட்டது போக மீதி அவளுக்கு. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பவுன் கணக்குப் பேசுகிறார்கள். திராட்சைத் தோட்டம் எத்தனை குழி, யார் பேரில் பட்டா என்று விசாரிக்கிறார்கள். "உனக்குச் சம்மதமா?" என்று அவளைக் கேட்பது பெரும்பாலும் ஓலை வாசிக்கும் சமயத்தில் சுவாமியார் ஒருவரே. தான் பெயர் சொல்லி அழைக்கப்பட வேண்டும், கூட்டத்தில் ஒருத்தியாக அல்ல, தானாகவே விரும்பப்பட வேண்டும் என்ற தாகம் அந்த ஆத்துமத்தில் இருக்கிறது. அந்தத் தாகத்தை வைத்தவர் சர்வேசுரனே. தாகம் நல்லது. கிணறு நல்லதா என்பதே கேள்வி.

கிணற்றைப் பார்ப்போம். கதைக்கும் வாழ்க்கைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதை வாசகர்கள் கவனிப்பதில்லை. கதையில் அவன் அவளை அறைந்துவிட்டு வெளியே போகிறான். உடனே அடுத்த பத்தியில் ஆசிரியை நம்மை அவன் நெஞ்சுக்குள்ளே அழைத்துப் போகிறாள். அவன் தூணில் சாய்ந்து அழுகிறான். "உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயத்திலே அடித்துவிட்டேனே" என்று மனதுக்குள் கதறுகிறான். அந்த அறைக்கு அர்த்தம் அன்பு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. வாழ்க்கையில் அந்தப் பத்தியை எழுதுகிறவர் யார்? வாழ்க்கையில் கன்னத்தில் விழுந்த கை மட்டுமே தெரியும். அதற்குப் பின்னால் கண்ணீர் இருக்கிறதென்று அடிபட்டவளே கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். கதை வாசித்துப் பழகின மனமோ அந்தக் கற்பனையை வெகு சுளுவாய்ச் செய்துவிடும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

அன்றியும், முடிவு நல்லதாயிருக்கும் என்று முதல் அத்தியாயத்திலேயே நமக்குத் தெரியும். ஆகையால் நடுவிலே எவ்வளவு அழுதாலும் பயமில்லை. ராட்டினத்தில் ஏறினவள் அலறுகிறாள், ஆனால் கம்பி இறுக்கமாய்ப் பூட்டியிருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். கலியாணத்துக்கு அப்படிப்பட்ட கம்பி இல்லை.

"கெடுத்தவனே கட்டிக்கொள்ளட்டும், எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்ற எண்ணம் கதைகளில் மட்டும் உலாவுகிறது என்று நினைக்கிறீர்களா? 2015இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு காரியம் நடந்தது. வயது வராத பெண்ணைக் கெடுத்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவன், அவளோடு சமரசம் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் என்று ஜாமீனில் விடப்பட்டான். அந்தப் பெண்ணோ குழந்தையை வைத்துக்கொண்டு தனியே வாழ்கிறவள். சமரசம் வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். அதே சமயத்தில் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், இப்படிப்பட்ட குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கண்டிப்பாய்ச் சொல்லவே, சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. படித்த நீதிமானின் மனதிலும் அந்தப் பழைய கதை முடிவு குடியிருந்தது. கதையை மறுத்தவள் அந்தப் பெண் ஒருத்திதான்.

இதே விஷயத்தை வேறுவிதமாய் எழுதினவர்களும் தமிழில் உண்டு. ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் "அக்கினிப் பிரவேசம்" எழுதி ஊரெல்லாம் சண்டை மூண்டது. பிறகு, அந்தத் தாய் மகளை மன்னித்து ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவலை எழுதினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அதிலும் கங்கா தன்னைக் கெடுத்தவனைத் தேடிப் போகிறாள். அவனிடம் அவள் மனம் ஒட்டிக்கொள்ளுகிறது. ஆனால் ஆசிரியர் தாலியை எடுத்து நீட்டவில்லை. அவன் விலகிப் போகிறான். அவள் உடைந்து போகிறாள். கசப்பான புத்தகம். நம் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று பெற்றோர் தயங்கலாம். என்னைக் கேட்டால், மங்களமாய் முடிகிற நூறு ஆன்ட்டி ஹீரோ கதைகளைவிட அந்தக் கசப்பு ஒன்று மேல். காயத்தைக் காயம் என்று சொல்லுகிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். அது சாதாரண ஆட்சேபம் அல்ல. ஆகையால் அதற்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். "பொறுமையாயிருந்து புருஷனைத் திருத்தின பெண்களைத்தானே நம் பிரசங்கங்களிலும் புகழுகிறோம்? அர்ச். மோனிக்கம்மாள் யார்? அர்ச். ரீத்தம்மாள் யார்? நாவலாசிரியை எழுதினால் தப்பு, நாம் சொன்னால் சரியா?"

நியாயமான கேள்வி. மோனிக்கம்மாளின் புருஷன் பத்திரீசியுஸ் மகா கோபக்காரர், விசுவாசக் குறைவுள்ளவர். அவர் கோபமாயிருக்கும்போது மோனிக்கம்மாள் வாய் திறவாமல் இருந்து, தணிந்தபின் நியாயம் சொல்லுவார் என்று மகன் அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். அண்டை வீட்டுப் பெண்கள் முகத்தில் அடித்த தழும்போடு வருவார்களாம். மோனிக்கம்மாள் மேல் அப்படியொரு தழும்பை ஒருவரும் கண்டதில்லையாம். இந்த வரிகளைக் காட்டி அடிபடுகிற பெண்ணைப் பார்த்து, "நீயும் மோனிக்கம்மாளைப்போல் வாயை அடக்கு" என்று புத்தி சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்காதது என்னவென்றால், மோனிக்கம்மாள் அந்தக் கோபத்தைக் காதல் என்று ஒருநாளும் அழைக்கவில்லை. அது குற்றம் என்று அறிந்தே சகித்தார். தன் அழகோ தன் அன்போ அவரைத் திருத்திவிடும் என்றும் நம்பவில்லை; திருத்துகிறவர் சர்வேசுரன் என்று நம்பினார். நாவலின் கதாநாயகியோ தானே மருந்து என்று நினைக்கிறாள். "என்னால்தான் இவன் மாறுவான்" என்பது கேட்கத் தாழ்மைபோலத் தோன்றும். அது தாழ்மை அல்ல.

இன்னும் ஒன்று. நாலாம் நூற்றாண்டில் மோனிக்கம்மாளுக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது உண்டு. ஆத்துமத்துக்கோ சரீரத்துக்கோ பாரமான ஆபத்து விளைவிக்கிற துணையை விட்டுப் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே இடம் கொடுக்கிறது; 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் விதியைப் பாருங்கள். மெய்விவாகம் முறியாது, ஆனால் அடிவாங்கிக்கொண்டே ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டுமென்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இந்திய அரசாங்கத்தின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் பெண்கள் எந்நேரமும் பேசலாம். கோயில் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அகுஸ்தீனை இன்னும் கொஞ்சம் கேட்போம். அவரும் வாலிபத்தில் கதைக்காக அழுதவரே. காதலுக்காக உயிரை விட்ட தீதோ என்ற இராணிக்காகக் கண்ணீர் விட்டேன், என் ஆத்துமம் செத்துக் கிடந்ததற்காக அழவில்லை என்று வருந்துகிறார். நாடகம் பார்க்கிறவர்களைப்பற்றி அவர் சொல்லும் ஒரு கருத்து கூர்மையானது. அங்கே பார்வையாளன் துக்கப்பட மட்டுமே அழைக்கப்படுகிறான். உதவி செய்ய அழைக்கப்படுவதில்லை. ஆகையினாலேதான் அந்தத் துக்கம் இன்பமாயிருக்கிறது. இதை வாசித்தபோது எனக்கு நம் தெருக்கள் ஞாபகம் வந்தன. கைப்பேசியில் கதாநாயகி அடிவாங்கினால் ஆயிரம் பெண்கள் கருத்துரை எழுதுகிறார்கள், "பாவம் அவள், எப்போது விடிவு?" என்று. சுவருக்கு அப்பால் நிஜமாக ஒருத்தி அழும்போது, "புருஷன் பெண்சாதி சண்டை, நமக்கென்ன" என்று தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுகிறோம். கதை நம் கண்ணீரையெல்லாம் செலவழித்துவிடுகிறதா, அல்லது சுவருக்கு அப்பால் போகப் பழக்குகிறதா? அந்த மாணவியின் கேள்விக்கு, பாவமா அல்லவா என்பதைவிட இதுதான் கூடுதல் பொருத்தமான அளவுகோல் என்பது என் எண்ணம்.

மனந்திரும்புதலைப்பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் அவன் மண்டியிடுகிறான், "மன்னித்துவிடு" என்கிறான், அவள் மார்பில் சாய்கிறாள், முற்றும். நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிற இராயப்பரைப் பாருங்கள். சேவல் கூவினவுடன் மனங்கசந்து அழுதார். ஆனால் அதோடு முற்றும் போடவில்லை. பிற்பாடு கடற்கரையில் சேசுநாதர் அவரை, தம்மை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை இராயப்பருக்கு மனம் நொந்தது. நோகத்தான் கேட்டார். கேட்டபின் முத்தமிட்டு அனுப்பிவிடவில்லை. ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கொடுத்தார். அந்த வேலை அவரைச் சிலுவை மட்டும் கொண்டுபோயிற்று. இரண்டு சொட்டுக் கண்ணீரைக் கண்டு மனந்திரும்பினான் என்று நம்பிவிடுகிற பெண்ணுக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். குடித்துவிட்டு அடித்து, விடிந்ததும் அழுது, அந்தியில் மறுபடி குடிக்கிறவனும் அழத்தானே செய்கிறான்?

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. கைப்பேசியைப் பிடுங்குவதால் கதை போய்விடாது. அகாதெனச் சொன்ன நூல்களின் பட்டியலைத் திருச்சபையே நானூறு ஆண்டுகள் வைத்திருந்து, 1966இல் அதற்குச் சட்ட வலிமை இனி இல்லை என்று அறிவித்தது. தீயதை விலக்குவது விசுவாசிகளின் மனச்சாட்சியின் பொறுப்பு என்று விட்டது. காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2024 ஜூலை 17ந் தேதி இலக்கிய வாசிப்பைப்பற்றி ஒரு நிருபம் எழுதினார். அதில் தம் வாலிப காலத்துச் சங்கதி ஒன்று வருகிறது. 1964–65இல் அவர் அர்ஜென்டீனாவின் சாந்தா பே நகரத்தில் சேசு சபைப் பள்ளிக்கூடத்தில் இலக்கியம் கற்பித்தார். "எல் சித்" என்ற பழங்காப்பியத்தைப் படிக்க வேண்டும் என்பது பாடத்திட்டம். பையன்களோ கார்சியா லோர்க்காவைக் கேட்டார்கள். இவர் என்ன செய்தார்? காப்பியத்தை வீட்டில் வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்களுக்குப் பிடித்ததைப் பேசினார். நம் தாய்மாரும் மகள் வாசிக்கிற கதையை ஒருநாள் கூட உட்கார்ந்து வாசித்து, "இவன் செய்தது உனக்குச் சரியாய்ப் படுகிறதா, பாப்பா?" என்று கேட்டால் போதும். மகள் சொல்லும் பதிலைக் கேட்டுத் தாய்க்கே சில பழைய காரியங்கள் ஞாபகத்துக்கு வரலாம். வரட்டுமே.

வாலிபர்களை மறந்துவிடலாகாது. அவர்கள் இந்தக் கதைகளை வாசிப்பதில்லை, சினிமா பார்க்கிறார்கள். வேண்டாம் என்கிறவளைப் பின்தொடர்ந்து, பின்தொடர்ந்து, கடைசியில் அவள் சிரித்துவிடுகிற படங்களை எத்தனை பார்த்திருக்கிறோம். 2013 முதல் அது இந்தியச் சட்டத்தில் தனிக் குற்றம். பெண்பிள்ளை கதையிலே அப்படிப்பட்டவனை இரசித்தாள் என்பது, பஸ் நிறுத்தத்தில் நிற்கிற எந்தப் பையனுக்கும் கொடுத்த அனுமதிச் சீட்டு அன்று. புலியைப் படத்தில் இரசிக்கிறவள் முற்றத்தில் கட்டச் சொல்லவில்லை.

கடைசியாக, நல்லவனைப்பற்றிய கதைகள் ஏன் சப்பென்று இருக்கின்றன? மாணவி இதையும் கேட்டாள். "நல்லவனா இருந்தா வாசிக்கவே முடியலையே." சிமோன் வேய் என்ற பிரெஞ்சு நாட்டு அம்மையார், 1943இல் 34ஆம் வயதில் மரித்தவர், இதற்கு ஒரு பதில் விட்டுப்போயிருக்கிறார். கற்பனையில் தீமை பலவண்ணமாயும் நன்மை சலிப்பாயும் இருக்கிறது. நிஜத்திலோ தீமைதான் சலிப்பூட்டுவது, நன்மைதான் நித்தம் புதிது என்பது அவர் கருத்தின் சாரம். இது உண்மை என்று கொடுமைக்காரனோடு வாழ்ந்த எந்தப் பெண்ணும் சொல்லுவாள். அவன் வீட்டில் ஒவ்வொரு நாளும் ஒரே நாள்தான்.

ஆகவே குறை எழுத்தாளர்களிடத்திலும் இருக்கிறது. விடியற்காலம் எழுந்து ஏலத்தோட்டத்து ஜீப்புக்குப் போகிற பெண்சாதிக்காகத் தானே சோறு வடித்துத் தூக்குவாளியில் போட்டுக் கொடுக்கிற ஒருவன் நம் பள்ளத்தாக்கில் இல்லாமற் போகவில்லை. மச்சான்மார் கேலி செய்கிறார்கள் என்று தெரிந்தும் செய்கிறான். கம்பம் மெட்டு ஏறுகிற வண்டி திரும்பி வர நேரமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாய் நடக்கிறான். அவனுக்குள்ளே என்ன நடக்கிறது என்று எழுத ஒருத்திக்கும் தோன்றவில்லையே!

தெரேசம்மாளின் சரித்திரத்தை எழுதின ரிபேரா சுவாமியார் ஒரு சிறு செய்தி சொல்லுகிறார். சிறுமியாயிருந்தபோது அவர் தம் சகோதரன் ரொத்ரீகோவோடு சேர்ந்து, தாம் வாசித்த கதைகளைப்போலவே ஒரு வீரக் கதைப் புத்தகத்தை எழுதிப் பார்த்தாராம். நன்றாயிருந்தது என்று வாசித்தவர்கள் சொன்னார்களாம். கேள்வி கேட்ட மாணவியிடம் இதைச் சொன்னேன். "நான் ஏற்கெனவே எட்டு அத்தியாயம் எழுதியிருக்கேன்" என்றாள். கதாநாயகன் எப்படிப்பட்டவன் என்று கேட்டதற்கு, இன்னும் முடிவு செய்யவில்லையாம்.